எஸ்தர் இறங்காத மேடு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு கிரேஸ் போன் செய்தாள். எஸ்தரின் மகள். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "சைக்கிள்ல போறப்பவா?" என்று கேட்டேன். அறுபது வயதாகி, முழங்கால் தேய்ந்து, சைக்கிளைத் தொட்டே நாலு வருஷமான ஒருத்தரைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது! கிரேஸ் அழுகையை நிறுத்திவிட்டு, "இல்லீங்க பெரியம்மா, தூக்கத்துலயே போயிட்டாங்க. காப்பி கொண்டுட்டுப் போயி எழுப்புனேன், எந்திரிக்கல" என்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. அதைத் துடைக்கத் துணி எடுத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு மேற்கே மலையடிவார ஊர்களில் முப்பது வருஷத்துக்கு முன்னால் பிள்ளை பெற்றவர்கள் எல்லாருக்கும் எஸ்தரைத் தெரியும். கிராம சுகாதார செவிலியர். உங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர், உங்களுக்குப் பிரசவம் பார்த்தவர். "எஸ்தர் நர்சம்மா கை லேசுங்க, ஆனா திமிர் ஜாஸ்திங்க" என்று உங்களில் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்! கை லேசு என்பதற்கு உங்கள் பிள்ளைகளே சாட்சி. அந்தத் திமிரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். ஒரு மேட்டில் எஸ்தர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். வெயிலானாலும் மழையானாலும், மாசமாக இருந்தபோதும், இறங்கமாட்டார். திமிர் என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கோயம்புத்தூருக்கு வந்தேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். என் வீட்டுக்காரருக்குக் கணபதியில் ஒரு பம்ப் ஒர்க் ஷாப்பில் டர்னர் வேலை. நானும் கிராம செவிலியர்தான். மாறுதல் கேட்டு இரண்டு வருஷம் நடையாய் நடந்து, நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பஸ் ஜன்னல் வழியாக மேற்கே மலை தெரிந்தது. எவ்வளவு அழகு என்று மகளுக்குக் காட்டினேன். அதன் மேல் என்னை ஏறச் சொல்வார்கள் என்று யார் கண்டது?

வேலையில் சேர்ந்த அன்றே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் எஸ்தரோட போய்ப் பழகிக்கோங்கம்மா. அப்புறம் அந்த மேட்டு ஊரும் அதுக்கு மேல இருக்கிற குடிசைகளும் உங்க பொறுப்பு. முடியலைன்னா சொல்லிடுங்க. ஆழியாறு பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு." ஆழியாறு போனால் அங்கேயே தங்க வேண்டும். வீட்டுக்காரர் கணபதியில், நான் அங்கே, பிள்ளை யாரிடம்? "எனக்கு சைக்கிள் நல்லாவே வரும் டாக்டர்" என்று ரோஷமாகச் சொன்னேன். பொய்யில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து ஓட்டுகிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வாய்க்கால் மதகு ஒன்றுதான். ஏறுகிறோம் என்று தெரிவதற்குள் இறங்கிவிடும்.

அந்த மேடு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் பள்ளம் வரும். இந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்பார்கள். அதைத் தாண்டியதும் காலனி. எஸ்தரின் வீடும் சின்னதாக ஒரு சர்ச்சும் அங்கேதான். காலனியிலிருந்து மேடு தொடங்கும். ஒன்றரை கிலோமீட்டர். முதல் பாதி பரவாயில்லை, புளியமரம் தாண்டியதும் ரோடு செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வேப்பமரம். அங்கே ஊரின் பெரிய தெரு ஆரம்பம். தெருவும் மேடுதான், அது முடிகிற இடத்தில்தான் சமதரை. அதற்கு அப்பால் செங்கல் சூளைக் குடிசைகள், காட்டோரத்து வீடுகள். அந்தக் காலத்தில் போக வேறு ரோடு கிடையாது. ஊரின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். சுகாதார நிலையத்தில் மருந்துக் குப்பிகளை ஐஸ் கட்டிகளோடு ஒரு நீலப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். சூடு ஏறினால் மருந்து கெட்டுவிடும். என் முதல் புதன்கிழமை, பெட்டியைப் பின் கேரியரில் கட்டிக்கொண்டு, எஸ்தரிடம், "இதெல்லாம் ஒரு மேடா?" என்று கேட்டுவிட்டு வேகமாக மிதித்தேன். வேகத்திலேயே ஏறிவிடலாம் என்று எண்ணம். புளியமரம் வரை என் வேகம் கூடவே வந்தது. அதற்குப் பிறகு வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் பெட்டியின் கனம் இழுக்க, முன்சக்கரம் தரையில் நிற்காமல் ஆட, வேலிமுள் புதருக்குள் போய் விழுந்தேன்.

எஸ்தர் நிற்கவில்லை! என்னைத் தாண்டி ஒரே சீராக மிதித்துப் போய்க்கொண்டே, "மெதுவா வாங்க்கா, நான் மேல நிக்கறேன்" என்றார். என்ன மனுஷி இவள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தெருவெல்லாம் தாண்டி மேலே போனால், அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெட்டி திறந்துக்கலீங்களே?" நான் வெடித்துவிட்டேன். "மனுஷி விழுந்து கெடக்கா, உனக்குப் பெட்டிதான் பெருசா?" அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்களுக்கு ரெண்டு காலு இருக்குதுங்க்கா, எந்திரிச்சு வந்துருவீங்க. மருந்துக்குக் காலில்லீங்களே." சொல்லிவிட்டு, என் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, நான் கேட்காமலே மருந்து போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் ஏறி கணபதிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு ஸ்பேனர். "சீட்டு தாழ்ந்து கெடக்குதுங்க்கா, அதான் முட்டி நோவுது" என்று வாசலில் உட்கார்ந்து இரண்டு விரல் உயர்த்தினார். செயினுக்கு எண்ணெய் விட்டார். டயரை அழுத்திப் பார்த்து, "காத்து கல்லு மாதிரி இருக்கோணும்" என்றார். பெட்டிக்காகக் கைப்பிடிக்கு முன்னால் ஒரு கம்பிக் கூடை மாட்டச் சொன்னார். கனம் முன்னால் இருந்தால் சக்கரம் தூக்காது. என் வீட்டுக்காரர் லேத்து மெஷின் ஓட்டுகிறவர். அவரே வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னை ரயில்வே மேம்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த முதல் மலை அந்தப் பாலம்தான். லாரியும் பஸ்ஸும் இரைய, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்பவும் ஏறி, அன்றைக்குப் பதினோரு தடவை. அவர் சொன்னது சிலதுதான். கீழே வேகம் எடுக்கக் கூடாது. ஏறும்போது பேசக் கூடாது. ரோடு காலியாக இருந்தால் கொஞ்சம் வளைந்து வளைந்து போகலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது: "மேட்டைப் பாக்காதீங்க்கா. பாத்தா காலு தானா நின்னுபோடும். முன்சக்கரத்துக்கு முன்னால ஒரு முழம் மட்டும் பாருங்க. அந்த ஒரு முழம் எப்பவும் ஏறிப்போடலாம்."

பாலத்தடியில் ஒர்க் ஷாப்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்கு நாங்கள் பழகிப்போனோம். "அக்கா, விட்றாதீங்க, விட்றாதீங்க!" என்று ஒருத்தர் கத்த, "ஏனுங்க, அவிய சிரிச்சுப்போட்டா உழுந்துருவாங்க, சும்மா இருங்க" என்று எஸ்தர் அதட்டுவார். நான் சிரித்துவிடுவேன், விழுவேன். என் வீட்டுக்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "சோழ நாடே மேடேறுது, வழி விடுங்க" என்பார். அந்த மனிதருக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பு போடாமல் விட்டேன்.

இவ்வளவு பெரிய மேடேறிக்கு இறக்கம் என்றால் நடுக்கம். இதை உங்களில் பலர் நம்பமாட்டீர்கள். நர்ஸ் பயிற்சிக் காலத்தில் ஒரு தடவை பிரேக் அறுந்து எஸ்தருக்கு ஒரு பல் போயிருக்கிறது. அதனால் பாலத்தில் ஏறிய பிறகு, மறுபக்கம் இறங்கும்போது சைக்கிளை விட்டுக் கீழே குதித்து, கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போவது போலத் தள்ளிக்கொண்டே வருவார். நான் சும்மா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காற்றாகப் பறந்து கீழே போய்க் காத்திருப்பேன். "ஏறத் தெரிஞ்சவளுக்கு எறங்கத் தெரியலையே" என்று கேலி செய்வேன். "இறங்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேங்க்கா" என்பார்.

மூன்றாவது வாரம். முதன்முறையாகப் புளியமரத்தைத் தாண்டியும் நான் மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம், அடுத்த முழம். வேப்பமரம் வரை வந்துவிட்டேன். அங்கே மூச்சு அடைத்தது. நெஞ்சே வெளியே வந்துவிடும் போலிருந்தது. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் முன்னால் தெருவுக்குள் மிதித்துப் போய்விட்டார். தெருவின் முதல் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல களையான முகம். "ஏனுங்க அம்மிணி, புது நர்சம்மாங்களா? எந்த ஊருங்க? தண்ணி குடிக்கறீங்களா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். தண்ணீர் குடித்தேன். "நீங்க மரியாதை தெரிஞ்சவிங்க, தெருவுல இறங்கி வாரீங்க. அந்தப் புள்ளைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார். மூச்சு வாங்க நின்ற எனக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. பெரிய மனிதர் பாராட்டுகிறாரே என்று, "சரிங்கய்யா, சொல்றேன்" என்றேன்.

சொல்லவும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. சூளைக் குடிசைகளில் ஊசி போட்டு முடித்து, குப்பிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தோம். "ஏன் எஸ்தர், இந்த ஊர் ஜனங்க எவ்வளவு மரியாதையா பேசுறாங்க. பெரியவங்க உட்கார்ந்திருக்கிற தெரு. நீயும் ஒரு நிமிஷம் இறங்கித்தான் வந்தா என்ன?" என்று கேட்டேன். அவர் கை நின்றது. பெட்டியை மூடினார். 

பிறகு சொன்னார். எஸ்தரின் அப்பா அந்தத் தெருக்காரர் ஒருவரின் தோட்டத்தில் பண்ணையத்து ஆள். காலனியில் முதலில் சைக்கிள் வாங்கியவர் அவர்தான், பழைய சைக்கிள். வேப்பமரத்தடியில் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். தெரு முடிகிற வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், அதற்கு மேல் ஏறிக்கொள்ளலாம். காலனி ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். சின்னப் பிள்ளையில் பின் கேரியரில் உட்கார்ந்திருக்கும் எஸ்தரையும் அப்பா வேப்பமரத்தில் இறக்கிவிடுவாராம். எஸ்தர் நர்ஸ் பயிற்சி முடித்து அந்தப் பக்கத்துக்கே வேலைக்கு வந்த முதல் நாள், வெள்ளைப் புடவையோடு, இறங்காமல் தெருவைத் தாண்டினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, சர்க்கார் வேலையாயிற்றே. மறுநாள் அப்பாவைத் தோட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த தோட்டம். அதன் பிறகு அவர் சூளையில் கல் சுமந்தார்.

"அப்பா திட்டலையா?" என்று கேட்டேன்.

"ஒரே தடவை, 'இறங்கிப்போடேன் கண்ணு'ன்னாருங்க. மாட்டேனுங்கப்பான்னேன். அதோட விட்டுட்டாரு. புதன்கெழமையானா பள்ளத்துகிட்ட வந்து நின்னுக்குவாரு. நான் வேப்பமரம் தாண்டற வரைக்கும் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவாரு."

பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் மூச்சு வாங்குமுங்க்கா. எனக்கும் அந்த எடத்துல இறங்கி நிக்கோணும்னு இருக்கும். திரும்பறப்பவும் நடுங்கிட்டேதான் தெருவுல உக்காந்து வாரேன். ஆனா நான் இறங்குனா, மேட்டுக்கு இறங்குனேனா, அவங்களுக்கு இறங்குனேனான்னு யாருக்குத் தெரியும்? பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

 எங்கள் ஊரிலும் இப்படித் தெருக்கள் உண்டு. அவற்றின் வழியே பன்னிரண்டு வயதில் மணியடித்துக்கொண்டு பறந்தவள் நான். என்னை யார் இறங்கச் சொல்லப்போகிறார்கள்? அதனால் இறங்கி நடந்தவர்கள் என் கண்ணில் பட்டதேயில்லை. "மன்னிச்சுக்க எஸ்தர்" என்றேன். "அட, விடுங்க்கா, நேரமாச்சு" என்று அவர் சைக்கிளை எடுத்தார். என்னை விட மூன்று வயது இளையவர்தான். இதை எழுத உட்கார்ந்தபோது 'அவள்' என்று எழுதத்தான் கை போனது, அவ்வளவு பழக்கம். ஆனால் அந்தத் தெருவும் அவரை அப்படித்தானே கூப்பிட்டது? அதனால் 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை நான் ஒரு முடிவோடு கிளம்பினேன். மூச்சே நின்றாலும் சரி, தெரு முடிகிற வரை இறங்குவதில்லை. ஐப்பசி மாதம், காலையில்தான் மழை விட்டிருந்தது. எஸ்தர் முன்னால், நான் பின்னால். புளியமரம் தாண்டியாயிற்று, வேப்பமரம் தாண்டியாயிற்று. தெருவில் பாதி தூரம் வந்துவிட்டேன்! அந்த சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன். இன்னும் எவ்வளவு தூரம் என்று நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததும் கால் நின்றது, ஈரத்தில் சக்கரம் வழுக்கியது, நடுத்தெருவில் சைக்கிளோடு விழுந்தேன். பெட்டி வாயைப் பிளந்துகொண்டு, ஐஸ் கட்டிகளும் குப்பிகளும் சேற்றில் சிதறின. என் கணுக்கால் மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை.

எஸ்தர் இருபதடி முன்னால் இருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். "நீ போ, போ, நான் வந்துடறேன்" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். அவர் போகவில்லை. காலைத் தரையில் ஊன்றினார். இறங்கினார். வேலைக்கு வந்த எட்டு வருஷத்தில் அந்தத் தெருவில் முதல் தடவை.

சைக்கிளை ஒரு சுவரில் சாத்திவிட்டு வந்து, முதலில் குப்பிகளையும் ஐஸ் கட்டிகளையும் பொறுக்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அப்புறம்தான் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பெரியவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு வீடு தாண்டி வந்து நின்றார். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிற அந்த மனிதர், "இப்ப இறங்குனயா புள்ளே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாசல்களில் நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள்.  எஸ்தர் நிமிர்ந்து பார்த்து, தினமும் எல்லா வீட்டிலும் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "உங்க பேத்திக்கு இன்னிக்கு ரெண்டாவது ஊசிங்கய்யா. போன தடவயே காய்ச்சல்னு கொண்டு வரல. பத்து மணிக்கு மேல கொண்டு வரச் சொல்லுங்க."

என்னை ஒரு வாசல்படியில் உட்கார வைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "என்னால இறங்கிட்டியே எஸ்தர், பாவி நான், என்னால இறங்கிட்டியே" என்று புலம்பினேன். "அட, ஏனுங்க்கா இப்படி அழுகறீங்க? உழுந்தவங்களத் தூக்கறதுக்கு இறங்காம பின்ன எதுக்கு இறங்கறது?" என்றார். முந்தானையால் என் கன்னத்துச் சேற்றைத் துடைத்துவிட்டார். பிறகு என் பெட்டியை எடுத்துத் தன் கூடையில் தன் பெட்டி மேலேயே வைத்து, டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார். "இங்கயே இருங்க்கா. அதை அழிச்சுப்போட்டு வாரேன்."

எதை அழிக்கப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. சைக்கிளைத் திருப்பினார். இறக்கம் என்றால் நடுங்குகிற மனுஷி, அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஈரத் தெருவில் வேப்பமரத்துக்குக் கீழே வரை போனார். அங்கே திரும்பி நின்றார். கொசுவத்தைச் சரி செய்துகொண்டார். இரண்டு பெட்டிக் கனத்தோடு மறுபடியும் ஏறி வந்தார். மெதுவாக, ஒரு முழம், ஒரு முழமாக. யாரும் சிரிக்கவில்லை. பெரியவரைத் தாண்டினார், என்னைத் தாண்டினார். தாண்டும்போது அவர் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. தெரு முடிகிற வரை இறங்கவில்லை.

பத்தரை மணிக்கு அந்தப் பேத்தியைக் கொண்டு வந்தார்கள். ஊசி போட்டது எஸ்தர்தான். குழந்தை அழவில்லை.

டிசம்பரில் எஸ்தர் அடுத்த துணை சுகாதார நிலையத்துக்குப் போனார். மேடு எனக்கு வந்தது. ஆழியாறு போகவில்லை நான். பதினான்கு வருஷம் அந்தத் தெருவில் ஏறினேன். முதல் தடவை தனியாக இறங்காமல் தாண்டியபோது பெரியவர், "ஏனுங்க அம்மிணி, நீங்களுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். காலனிப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் மேட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போக ஆரம்பித்தார்கள். அவர்களை ஒரு நாள் தெருவில் நிறுத்தி மிரட்டினார்கள். செய்தி கேட்டதும் எஸ்தர் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது, எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அவர் தோற்ற இடமும் ஒன்று உண்டு. கல்லறைத் தோட்டம் அந்த ஊருக்கு மேலே, காட்டோரத்தில் இருக்கிறது. மிஷன்காரர்கள் அந்தக் காலத்தில் வாங்கிப்போட்ட இடம். தொண்ணூறுகளின் கடைசியில் எஸ்தரின் அப்பா இறந்தபோது, தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலனிப் பெரியவர்களும், "வேண்டாம் புள்ளே, எப்பவும் போற வழியிலயே போயிரலாம்" என்றார்கள். பள்ளத்துக்குள் இறங்கி, கல்லிலும் முள்ளிலும் சுற்றுவழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். எஸ்தர் முட்களை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பி வரும்போதுதான் சொன்னார்: "எங்கப்பன ஒரே ஒரு தடவ அந்தத் தெருவுல இறக்காம கூட்டிட்டுப் போகோணும்னு இருந்துதுங்க்கா. முடியலீங்க." அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம், சவ ஊர்தி வந்து நின்றதும், "எந்த வழிங்க?" என்று டிரைவர் கேட்டபோது நான் சட்டென்று கிரேஸைப் பார்த்தேன். காலம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, பள்ளத்துச் சுற்றுவழியிலும் இப்போது வண்டி போகும். பெரியவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆனாலும் ஒருத்தர், "சுத்தி போயிரலாமே, எதுக்கு வம்பு?" என்று முணுமுணுத்தார். கிரேஸ் அவர் பக்கமே திரும்பாமல், "மேட்டு வழியாத்தானுங்க. தெருவுக்குள்ள" என்றாள். பெட்டியைச் சுற்றி நாங்கள் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தோம். கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய வண்டி. புளியமரம் தாண்டியதும் திணற ஆரம்பித்தது. டிரைவர் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார். வண்டி ஒரு முக்கு முக்கி, உதறி, நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரம்! சரியாக அந்த இடம். டிரைவர் பின்னால் திரும்பி, "ஏனுங்க, லோடு ஜாஸ்திங்க. மேடு இழுக்கலீங்க. கோவிச்சுக்காம எல்லாரும் இறங்கி நடந்து வந்துருங்க" என்றார்.

 நான் கிரேஸைப் பார்த்தேன், கிரேஸ் என்னைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம். மற்றவர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

ஒவ்வொருவராக இறங்கினோம். என் முழங்காலுக்காக ஒருத்தர் கை கொடுத்தார். தெருவில் சில கதவுகள் சாத்தியிருந்தன. சில வீட்டு வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். முப்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஓடி வந்து வண்டியின் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்கள். "எனக்கும் ஊசி போட்டவிங்கதானுங்க" என்றான் ஒருத்தன். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்து தெருவுக்குள் ஏறியது.

நாங்கள் பின்னால் நடந்தோம். நான் தலையைத் தூக்கவில்லை. என் செருப்புக்கு முன்னால் ஒரு முழம் ரோட்டை மட்டும் பார்த்தேன், பிறகு அடுத்த முழம். எஸ்தரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷத்தையும் அதை வைத்துத்தான் கடந்தேன், இனிமேல் இருக்கிறதையும் அப்படித்தான் கடக்க வேண்டும். தெரு முடிந்து சமதரை வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம். எஸ்தர் மட்டும் இறங்கவில்லை.